அந்தத் துப்பறியும் படத்தில் கிடார் வாசித்தது யார்

அந்தப் படத்தை நான் மூன்று தடவை முழுசாகப் பார்த்திருக்கிறேன். மூன்றும் மூன்று வேறு ஆட்கள் இணையத்தில் ஏற்றியவை. மூன்றிலும் எனக்கு வேண்டிய இடம் மட்டும் இல்லை. கதாநாயகன் நம்பர் வைத்த துப்பறியும் அதிகாரி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டல் படியில் ஏறுவான், கதவைத் திறப்பான். அடுத்த வினாடி கடற்கரையில் கார் ஓட்டிக்கொண்டிருப்பான். நடுவில் ஒரு கிளப் நடனம் இருந்தது. நாலு பையன்கள் மேடையில் நின்று கிடாரும் டிரம்ஸும் வாசிப்பார்கள், வில்லன் ஓரமாக உட்கார்ந்து ஆட்களோடு பேசுவான். அதை எந்த மகராசனோ தொலைக்காட்சியில் விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று வெட்டி எறிந்திருக்கிறான். காமெடி டிராக் இருபது நிமிஷம் இருக்கிறது, அதில் ஒரு வினாடிகூடக் குறையவில்லை.

அந்த நாலு பையன்களில் ஒருவர் என் அப்பா. இன்னொருவர் அவருடைய சிநேகிதர், நான் பிறந்ததிலிருந்து அங்கிள் என்று கூப்பிடுகிறவர். டிரம்ஸ் வாசித்தவரும் பேஸ் வாசித்தவரும் காலமாகிவிட்டார்கள். மிச்சமிருக்கிற இந்த இரண்டு பேரும் கிழக்குத் தாம்பரத்தில் நடக்கிற தூரத்தில்தான் குடியிருக்கிறார்கள். ஒருவரோடொருவர் பேசிப் பதினாலு வருடம் ஆகிறது. காரணம் இந்தப் படம்தான்.

இது அறுபதுகளின் கதை, ஆகையால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அப்பாவுக்கு இப்போது எண்பது. அவர் தாம்பரத்தில் கல்லூரியில் படித்தபோது ஊரில் இரண்டு காய்ச்சல் ஒரே சமயத்தில் அடித்ததாம். ஒன்று கிடாரும் டிரம்ஸும் வாசிக்கிற பீட் குரூப், இன்னொன்று உளவாளிப் படம். இரண்டும் வேறு வேறு என்று இன்றைக்கு நினைக்கிறோம். அன்றைக்கு அப்படி இல்லை. உளவாளியும் கிடார்காரனும் ஒரே தையற்காரரிடம் துணி தைத்தவர்கள் மாதிரி இருப்பார்கள்: ஒல்லி டை, இறுக்கமான கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி. சத்தமும் ஒன்றுதான். கிடாரின் தடித்த கம்பியை அதிர அதிர மீட்டி எதிரொலி போட்டால் யாரோ யாரையோ பின்தொடர்கிறான் என்று அர்த்தம். வெளிநாட்டில் பெரிய பெரிய பேண்டுகாரர்கள் உளவாளிப் படங்களுக்கு டைட்டில் பாட்டுப் பாடினார்கள், பேர் தெரியாத கிடார்காரர்கள் அந்தத் தடித்த கம்பியை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கோடம்பாக்கத்திலும் அப்படியே நடந்தது. வெளிநாட்டில் அவர்களைத் தேடிப் புத்தகம் எழுதுகிறார்கள். இங்கே தேடுகிறவள் நான் ஒருத்திதான், அதுவும் அலுவலகம் போய்வந்த நேரம் போக.

அப்பாவும் அங்கிளும் மவுண்ட் ரோடு தியேட்டரில் ஆங்கில உளவாளிப் படம் பார்க்கப் போவது கதைக்காக அல்ல. டைட்டில் இசையைத் திருடிக்கொண்டு வர. ரெக்கார்டு கைக்குக் கிடைக்காது, இசையை எழுதிவைக்கவும் தெரியாது. அதனால் முதல் பாதியை அப்பா மனதில் வாங்கிக்கொள்வார், மறுபாதியை அங்கிள். டைட்டில் முடிந்த கையோடு எழுந்து, எழும்பூரில் மின்சார ரயில் பிடித்து, தாம்பரம் வரை ஆளுக்கொரு பாதியை முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். வழியில் தெரிந்தவர் யாராவது ஏறிப் பேச்சுக் கொடுத்தால் தொலைந்தது. மறுநாள் திரும்பவும் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

அவர்கள் தெரிந்தவர்களுக்குப் பயந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கிறிஸ்தவச் சபையில் அன்றைக்கு சினிமா பார்ப்பது பாவம். அப்பாவின் அப்பா வீடு வீடாகப் போய் வேதம் போதிக்கிற உபதேசியார். அங்கிளின் அப்பா சபைப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். சினிமா பார்த்தாலே வீட்டில் தோலை உரிப்பார்கள் என்கிற நிலையில், கல்லூரி விழாவில் இவர்கள் வாசித்ததைக் கேட்ட இசையமைப்பாளரின் உதவியாளர் ஒருவர் வந்து, துப்பறியும் படம், கிளப் காட்சி, வந்து வாசியுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். நாலு பேரும் இரண்டு நிபந்தனை போட்டார்கள். டைட்டிலில் பேர் வரக் கூடாது. படத்தில் முகம் தெரியக் கூடாது. கடைசியில் ஒட்டுத்தாடி, கறுப்புக் கண்ணாடி, போதாததற்கு முக்கால்வாசி முதுகு. அந்தப் படத்தில் உளவாளியைவிட நன்றாக ஒளிந்துகொண்டவர்கள் இவர்கள்தான். இந்தப் புத்திசாலித்தனத்தின் பலனை இன்றைக்கு நான் அனுபவிக்கிறேன்.

அவர்களிடம் எலக்ட்ரிக் கிடார் ஒன்றுதான் இருந்தது. ரேடியோ ரிப்பேர் கடைக்காரரிடம் சொல்லிச் செய்தது. ரெக்கார்டிங் அன்று அப்பா வாசித்தார். நன்றாக வந்ததாம். எதற்கும் இன்னொரு தடவை எடுத்துக்கொள்வோம் என்று, இந்த முறை அங்கிளை வாசிக்கச் சொன்னார்கள். அவரும் நன்றாகவே வாசித்தார். இரண்டில் எது படத்தில் வந்தது என்று யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. படம் வந்தபோது மப்ளரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். கிளப் நடனம் தொடங்கியதும் கிளம்பிய விசிலில் கிடாராவது, மண்ணாவது. ஒரே வாரத்தில் படம் பெட்டிக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆகிவிட்டார்கள். அப்பா வங்கியில், அங்கிள் பள்ளிக்கூடத்தில். எங்கள் வீட்டுக் கேக்கில் முதல் துண்டு அங்கிளுக்குத்தான் போகும். படத்தைப் பற்றி எப்போதாவது பேச்சு வந்தால், "அது நான்டா", "போடா, நான்டா" என்று சிரித்துக்கொள்வார்கள். அது ஒரு விளையாட்டாகவே இருந்தது.

பதினாலு வருடத்துக்கு முன்னால் அறுப்பின் பண்டிகையில், சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்ததை ஏலம் விடுவதற்கு நடுவே, கமிட்டிக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, நம் சபையின் மூத்த அங்கத்தினர், அந்தக் காலத்திலேயே சினிமாவில் கிடார் வாசித்தவர் என்று சொல்லி, அங்கிளை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திவிட்டார். பழைய பாவமெல்லாம் அதற்குள் பெருமையாகியிருந்தது. அங்கிள் பொன்னாடையோடு நின்று சிரித்தார். ஒரு வார்த்தை, "நாங்க ரெண்டு பேரும்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா ஏலத்தில் எடுத்த வாழைத்தாரைக்கூட விட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டார்.

இதோடு போயிருந்தால் சாதாரணச் சண்டை. எங்கள் ஆட்களுக்கு இன்னொரு வழக்கம் இருக்கிறது. மனஸ்தாபம் வைத்துக்கொண்டு திருவிருந்துக்குப் போகக் கூடாது. முதலில் போய் ஒப்புரவாக வேண்டும், அப்புறம்தான் அப்பமும் திராட்சை ரசமும். சபையில் முக்கால்வாசிப் பேர் இதை வசதிக்குத் தக்கபடி மறந்துவிடுவார்கள். சொந்தத் தம்பியின் மேல் கேஸ் போட்டவர்கள் கூட முதல் ஆளாகப் போய் மண்டியிடுவதை நானே பார்த்திருக்கிறேன். இவர்கள் இரண்டு பேரும் உபதேசியார் பிள்ளையும் தலைமையாசிரியர் பிள்ளையும் ஆயிற்றே. மாதம் தவறாமல் முதல் ஞாயிறு மொத்தச் சபையும் எழுந்து முன்னால் போகும்; இடது பக்கம் அப்பா, வலது பக்கம் அங்கிள், இரண்டு பேர் மட்டும் காலி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பதினாலு வருடம். மூன்று ஆயர்கள் மாற்றலாகிப் போனார்கள். அம்மா சாகும்போதுகூடக் கெஞ்சிப் பார்த்தாள். அங்கிள் அடக்கத்துக்கு வந்து, கடைசி வரிசையில் நின்று, பேசாமல் போய்விட்டார்.

இந்த வருடம் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. அங்கிளைக் கனடாவிலிருக்கிற மகன் ஒரேயடியாகத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறான். இங்கே வீட்டை விற்றாகிவிட்டது. அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. வலது காது சுத்தமாக இல்லை. இடது காதும் இந்த வருடம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொன்னார். வயதானவர்களுக்கு மெல்லிய உச்சக் குரல்தான் முதலில் போகுமாம், கனத்த சத்தம் கடைசிவரை நிற்குமாம். அதனால் பக்கத்தில் நின்று நான் கத்துவது கேட்காது, தெருமுனையில் லாரி திரும்பினால் கேட்கும். காதுக் கருவி வாங்கிக் கொடுத்தேன். தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டார்.

அங்கிள் போகிற சேதி தெரிந்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அந்தப் படத்தை எனக்கு ஒரு தரம் கேட்கணும். காது இருக்கும்போதே."

"கேட்டு?"

"நான்னா, அவன் வந்து எங்கிட்ட சொல்லணும். அவன்னா, நான் போய் சொல்றேன். அப்புறம் ரெண்டு பேரும் திருவிருந்து மேஜைக்குப் போறோம். அவன் போறதுக்கு முன்னாடி நடக்கணும்."

"கேட்காமலே போய்ப் பேசினா என்னப்பா?"

அவருக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்காத மாதிரி இருந்தார். காது போனவர்களுக்கு அந்த ஒரு சௌகரியம் இருக்கிறது.

அப்படித்தான் தேட ஆரம்பித்தேன். இணையத்தில் பார்த்தது போக, அறுபதுகளின் இசை ரசிகர்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். அதில் ஒரு பெரியவர், பெசன்ட் நகர்வாசி, உளவாளிப் படங்களுக்கும் ராக் பேண்டுகளுக்கும் உள்ள சம்பந்தம் பற்றி எனக்கு ஒன்பது வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். எந்த பேண்டின் எந்த ஆள் எந்த லண்டன் ஸ்டுடியோவில் எந்தக் கிடாரை எந்தத் தேதியில் வாசித்தான் என்று மனப்பாடமாகச் சொன்னார். காலை ரயிலில் சானடோரியம் ஸ்டேஷனில் ஆரம்பித்தால் கிண்டி வரைக்கும் ஓடும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சார், நம் ஊர்த் துப்பறியும் படங்களில் வாசித்த பையன்களைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். "அதெல்லாம் சும்மா காப்பி, மேடம். அதுல தெரிஞ்சிக்க என்ன இருக்கு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாதி இசையைத் தலைக்குள் சுமந்து ரயிலில் வந்தவர்களைப் பற்றி, சோபாவில் உட்கார்ந்து ரெக்கார்டு வாங்கிக் கேட்டவர் சொல்கிற பேச்சா இது. குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன். வருவதற்கு முன்னால் வேறொருவர் இரக்கப்பட்டு ஒரு நம்பர் கொடுத்திருந்தார். நல்ல காலம்.

அந்த நம்பர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஒருவருடையது. பழைய படச் சுருள்கள் சேர்ப்பதுதான் அவருக்கு உயிர். போய் விசாரித்தால் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னாக்கா, இப்ப வந்து கேக்குற. அந்தப் படம் எங்கிட்ட பொட்டியோட இர்ந்திச்சி. அனகாபுத்தூர்ல வூட்ல வச்சிருந்தேன். வெள்ளம் வந்திச்சில்ல, அப்ப ஆத்துத் தண்ணி உள்ள பூந்து எல்லாம் கூழாப் பூட்ச்சி."

எனக்கு அங்கேயே முகம் தொங்கிவிட்டது. அவருக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது.

"குந்துக்கா, டீ சொல்றேன். ரீலுதான் பூட்ச்சி. ஒலிச்சித்திரம் கீதான்னு பாக்குறேன்."

ஒலிச்சித்திரம் என்பதை இப்போதைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் ஒரு முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ரேடியோவில் போடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டோடு குடும்பமே ரேடியோ முன்னால் உட்கார்ந்து காதால் படம் பார்க்கும். இவர் ரேடியோவில் வந்த ஒலிச்சித்திரம் ஒன்றுவிடாமல் கேசட்டில் பிடித்து, பட்டறைப் பரணில் மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறார். பரணுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் கேசட்டுகளின் மேல் ஒட்டிய சீட்டெல்லாம் கரப்பான் தின்றுவிட்டது. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டால்தான் உண்டு.

மூன்று சனிக்கிழமை போனேன். மூன்று தடவையும், "தேடிகினுதான் கீறேன்க்கா" என்றார். அங்கிள் வீட்டில் சாமான்கள் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா தினமும் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுமுன் கையை விரித்து என்ன என்று கேட்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், இதுவரைக்கும் நான் எந்த ஆம்பிளைக்காகவும் இப்படி அலைந்ததில்லை என்று கத்தினேன். அது அவருக்குக் கேட்கவில்லை, எதிர்வீட்டு அக்காவுக்குக் கேட்டது.

நாலாவது வாரம் அலுவலகத்தில் இருந்தபோது போன் வந்தது. "கெடச்சிட்ச்சிக்கா. கிளப்பு சீனு கீது."

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். வில்லனின் குரல்தான் முதலில் வந்தது. ரகசிய வரைபடத்தைக் கிடாருக்குள் ஒளித்துக் கடத்தப்போவதாகத் தன் ஆட்களிடம் சொல்கிறான். அவன் பேச்சுக்கு அடியில் டிரம்ஸ், அதற்கும் அடியில் கிடார். அவன் பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். இந்த ஆளை அன்றைக்கே யாராவது சுட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது. ஒருவழியாக அவன் வாயை மூடினான். டிரம்ஸின் மேல் தடித்த கம்பி பத்து வினாடி தெளிவாக ஒலித்தது. பிறகு யாரோ பெண் அலறினாள், காட்சி முடிந்தது.

அந்தப் பத்து வினாடியில் யார் வாசிக்கிறார்கள் என்று எனக்கு ஒரு எழவும் தெரியவில்லை. போனில் பிடித்துக்கொண்டு வந்து அப்பாவின் இடது காதில் வைத்தேன். "கொசு கத்துது" என்றார். போனின் சின்ன ஸ்பீக்கரில் கனத்த சத்தம் வருவதே இல்லை, அவருக்குக் கேட்கக்கூடியதும் அது ஒன்றுதான். கேசட்டை இரவல் கேட்டால் பட்டறைக்காரர் தர மாட்டேன் என்றுவிட்டார். வெளியே போன கேசட் எதுவும் அவருக்குத் திரும்பி வந்ததில்லையாம். ஆகையால் அப்பாவையே கொண்டு போக வேண்டியதாயிற்று. அங்கிளுக்குச் செவ்வாய்க்கிழமை விமானம். அதற்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் ஆட்டோ பிடித்துத் திருமுடிவாக்கம் போனோம். மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு.

பட்டறைக்காரர் எங்களுக்காக மெஷின்களை நிறுத்தி ஆட்களைச் சாப்பிட அனுப்பியிருந்தார். பீரோ உயரத்துக்கு ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டியை எங்கிருந்தோ இழுத்துவந்து வைத்திருந்தார்.

"குந்து சார். சார் வாசிச்சதை சாருக்கே போட்டுக் காட்டப் போறோம்" என்றார்.

அப்பா உட்காரவில்லை. ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்தில் நின்று, அதன் மேல் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டார். கேசட் ஓடியது. வில்லன் பேசி முடித்தான். கம்பி அதிர்ந்தபோது அப்பாவின் முகம் மாறியது. அவருக்குக் கேட்டது. எத்தனை வருடமாக நான் கத்திக் கத்திச் சொன்ன எதற்கும் அந்த முகம் அப்படித் திரும்பியதில்லை. எனக்கு அந்தக் கிடாரின் மேல் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

"இன்னொரு தரம்" என்றார். போட்டார்கள். "இன்னொரு தரம்." மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வலது கை விரல்கள் சட்டைப் பொத்தானின் மேல் லேசாக அசைந்தன. பிறகு ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அவன்தான்" என்றார்.

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் காதோடு வாயை வைத்து, எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மூணாவது சுரத்துக்கு எனக்குச் சுண்டு விரல் எட்டும். நேரா அதுலயே போய் விழுவேன். அவனுக்குச் சுண்டு விரல் மடங்காது, ஹாக்கி ஆடி உடைச்சிக்கிட்டான். கீழேருந்து இழுத்துதான் போவான். அது இழுப்பு."

நான் அந்த இடத்தில் பொய் சொல்லப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான். "அப்பா, கேசட் பழசு. டேப்தான் இழுக்குது" என்றேன். பட்டறைக்காரரும் என் எண்ணத்தைப் புரிந்துகொண்டு, "ஆமா சார், பெல்ட்டு லூசு, பேஜாரு புடிச்ச பிளேயரு" என்று சேர்ந்துகொண்டார்.

அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். கோபமில்லை. "டேப் இழுத்தா எல்லாம் சேர்ந்து இழுக்கும்மா. டிரம்ஸ் சரியாத்தானே போகுது" என்றார்.

அவர் பட்டறைக்காரருக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார். வீட்டுக்கா என்று கேட்டேன். அங்கிள் வீட்டுக்கு வழி காட்டினார்.

முடிச்சூர் சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தேன். வருடக்கணக்கில் அந்தப் பத்து வினாடிதான் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தவர். வங்கியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், இதைப் பற்றி மட்டும் பேசுவார். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. இதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான். கிடைக்கவில்லை என்று அன்றைக்கே உதட்டைப் பிதுக்கிவிட்டு விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அங்கிள் வீட்டு ஹாலில் நான்கு சூட்கேஸ்கள் திறந்து கிடந்தன. அங்கிள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, புளியோதரைப் பொடிப் பாக்கெட்டுகளைத் துணிக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். அப்பா வாசல் மிதியடியிலேயே நின்றுவிட்டார்.

"அது நீதான்டா" என்றார்.

அங்கிள் காதைக் காட்டினார். அவருக்கும் போய்விட்டது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பா இன்னும் இரண்டடி உள்ளே வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "அந்தப் படத்துல வாசிச்சது நீதான். கேட்டுட்டு வர்றேன். நான் இல்ல. நீ."

அங்கிள் கையிலிருந்த பாக்கெட்டை மடியில் வைத்தார்.

"அப்ப உன்னுது?"

"என்னுது இல்ல. எங்கயும் இல்ல."

"யாருதுன்னு எனக்கும் தெரியாதுடா" என்றார் அங்கிள். "மேடையில ஏத்தி சால்வையைப் போட்டுட்டாங்க. அத்தனை பேர் முன்னாடி தெரியாதுன்னு எப்படிச் சொல்றது. மறுநாள் வந்து சொல்லலாம்னு இருந்தேன். நீ என்னைப் பார்த்ததும் கேட்டைச் சாத்திட்ட."

அப்பாவுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். மீதியை நான் அவர் காதில் கத்தினேன். உபதேசியார் பேத்தி நான், நடுவில் சில வார்த்தைகள் சேர்த்தே கத்தினேன். பதினாலு வருடம் இரண்டு பேரும் செத்த பிணம் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்களே, அம்மா கெஞ்சினாளே, அப்போது இதைச் சொல்ல வாய் இல்லையா என்று கேட்டேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அங்கிளின் மகன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் ஆராதனையில் நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருவிருந்துக்கு அழைப்புச் சொன்னதும் அவர் எழுந்தார். வலது பக்கத்தில் அங்கிளும் எழுந்தார். நடுப்பாதையில் சந்தித்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். மொத்தச் சபையும் பாடுவதை மறந்துவிட்டுப் பார்த்தது, ஆர்கன் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆல்டர் மேடையின் கம்பிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டார்கள். அப்பம் வாங்கினார்கள், ரசம் குடித்தார்கள். ஆயர் ஆசீர்வாதம் சொல்லி அனுப்பினார். அந்த வரிசையில் மண்டியிட்டிருந்த மற்றவர்கள் எழுந்து போனார்கள்.

இவர்கள் மட்டும் எழவில்லை. ஜெபம் பண்ணுகிறார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, எழ முடியவில்லை. அப்பா முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துப் பார்த்தார், முழங்கால் நிமிரவில்லை. அங்கிள் அப்பாவின் தோளைப் பிடித்துப் பார்த்தார், அதில் அப்பா இன்னும் கீழே போனார். அடுத்த வரிசைக்காரர்கள் நின்றுகொண்டே காத்திருந்தார்கள். நானும் அங்கிளின் மகனும் ஓடிப்போய் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். எனக்கு அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பதினாலு வருடத்துக்கு முன்னால் என்றால் இரண்டு பேரும் தாமாகவே எழுந்திருப்பார்கள்.